வழிகாட்டியின் நலம்

நலம் என்பது யாது என வினவினால், நோயின்மையே நலம் என்பார் பலர். உடல் வலிமையே நலம் என்பார் சிலர். உடலும் மூச்சும் உள்ளமும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் முழுமையே நலம் என்பது சான்றோர் கொள்கை. இம்முழுமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று இமயமலை. அங்கே பிறரை உச்சிக்கு அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகளின் வாழ்வை நோக்குமிடத்து, நம் உள்ளத்தில் ஓர் அறவினா எழுகின்றது. பிறர் விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டுத் தம் உடலை ஈடாக வைக்கும் ஒருவரின் நலம் யாருக்கு உரியது? அவருக்கா, அவருக்குக் கூலி கொடுப்போருக்கா?

இத்தொழிலின் ஏறுமுகத்தை டென்சிங் நார்கேயின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். 1935-இல் எரிக் ஷிப்டன் தலைமையேற்ற எவரெஸ்ட் பயணத்தில் அவர் ஒரு சுமைகூலியாகவே சேர்ந்தார். பின்னர்ச் சுமைதூக்குவோரின் தலைவராகிய சர்தார் ஆனார். 1952-இல் சுவிஸ் குழுவினருடன் சென்றபோது, ரேமண்ட் லாம்பெர்ட்டும் அவரும் உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே வரை ஏறித் திரும்பினர். அவ்வாண்டின் இறுதியில் நோயுற்று மெலிந்த டென்சிங், விடியற்காலையில் எழுந்து, கற்கள் நிரப்பிய பையைத் தோளில் சுமந்து டார்ஜிலிங்கின் மேடுபள்ளங்களில் நடந்தார். புகையையும் மதுவையும் விலக்கினார். 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியுடன் உச்சியில் நின்றார். 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியபோது, அதன் களப் பயிற்சி இயக்குநரானார். சுமை சுமந்தவர் ஆசானாக உயர்ந்தார்.

முதல் சுமைக்கும் உச்சிக்கும் இடையே 18 ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது. அவசரத்தை மலை பொறுப்பதில்லை. எவரெஸ்ட்டின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இக்குறைவுக்கு உடல் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் சிறிது சிறிதாகவே பழகுகின்றது. மூச்சு விரைகின்றது, குருதியின் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. பகலில் உயர ஏறி, இரவில் தாழ்ந்த இடத்துக்கு இறங்கி உறங்குவது மலையேறுவோர் கைக்கொள்ளும் முறை. 8,000 மீட்டருக்கு மேலோ எத்தகைய பழக்கமும் நெடிது உதவாது. அங்கே தங்கும் ஒவ்வொரு நாழிகையும் உடல் தேய்கின்றது. கட்டிளங்காளையாயினும் விரைந்து ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து, மூளை வீங்கி மடியக்கூடும். அதற்குத் தலையாய மருந்து கீழே இறங்குவதே. மூளை தடுமாறும் நிலையில், தாம் நோயுற்றிருப்பதை நோயாளியே உணரமாட்டார். அவருடைய நடையையும் சொல்லையும் மௌனத்தையும் பார்த்து அறிய வேண்டியவர் வழிகாட்டியே. ஆகவே, தம் மூச்சை மட்டுமன்றிப் பிறர் மூச்சையும் கணக்கில் கொள்ளும் தெளிவு அவருடைய நலத்தின் ஒரு கூறாகின்றது.

செய்யும் வினையின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவனின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிச் செயற்படுமாறு வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். அரசர்க்கு உரைத்த அது மலைவழிகாட்டிக்கும் முற்றும் பொருந்துவதே. 1939-இல் கே-2 சிகரத்தில், உச்சிக்குச் சில நூறு மீட்டரே எஞ்சியிருக்க, அந்தி சாயும் நேரத்தில் பசாங் தாவா லாமா மேலே செல்ல மறுத்தார். குழுத்தலைவர் ஃப்ரிட்ஸ் வீஸ்னர் அவருடன் இறங்கினார். அவ்விருவரும் உயிரோடு மீண்டனர். மறுப்பதற்கும் உரம் வேண்டும் அன்றோ?

ஆயினும் அதே பயணத்தில் நிகழ்ந்த மற்றொன்று நம் சிந்தனையைத் தடுத்து நிறுத்துகின்றது. டட்லி உல்ஃப் என்ற உறுப்பினர் மேல் முகாமில் தனித்து விடப்பட்டார். அவரை மீட்பதற்குப் பசாங் கிகுலியும் தோழர்களும் மேலேறினர். கிகுலி உள்ளிட்ட ஷெர்பாக்கள் மூவர் திரும்பவில்லை. உல்ஃபும் திரும்பவில்லை. அளவறிதலே நலமென்றால், கிகுலி அளவு மீறியவரா? அன்று என்பதே நம் துணிபு. ஒருவர் வெற்றியின் பொருட்டு உயிரை இடர்ப்படுத்த மாட்டேன் என்றார் ஒருவர். ஓர் உயிரின் பொருட்டு இடர்ப்படுத்துவேன் என்று சென்றார் மற்றவர். மறுத்தவரும் சென்றவரும் தம் உடலுக்குத் தாமே தலைவராய் நின்றனர். உடலைக் காப்பது மட்டும் நலமன்று. எதன்பொருட்டு அதைச் செலவிடலாம் எனத் தேர்வதும் நலத்தின் பகுதியே.

ஆனால் அத்தேர்வு எல்லார்க்கும் வாய்க்கின்றதா? 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட்டில் பனிச்சரிவில் சிக்கி மாண்ட எழுவரும் சுமைதூக்குவோர். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் மாண்ட 16 பேரும் நேபாள மலைத்தொழிலாளரே. ஏற வருவோர் சில முறை கடக்கும் அப்பனியருவியை, ஏணியும் கயிறும் உணவும் உயிர்வளிக் குடுவையும் சுமப்போர் பன்முறை கடக்கின்றனர். மறுத்தால் அப்பருவத்தின் வருவாய் போய்விடும் என்ற நிலையில், மறுக்கும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. மனவுறுதி கொள், மூச்சைப் பழக்கு, அளவறிந்து நட என்று அவருக்கு அறிவுரை கூறுதல் எளிது. அவர் "இன்று வேண்டா" என்று சொல்லும்போது அவர் வீட்டில் அடுப்பெரிவது நிற்காதிருக்கச் செய்வதன்றோ அரிது?

மலையேறாத நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் அம்மையார் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகின்றார். கட்டடத்தில் செங்கல் சுமப்பவர் முதுகுவலியை மறைக்கின்றார். ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போகும். நாமோ அவர்களுடைய உழைப்பின் உரத்தை வியந்து பாராட்டுகின்றோம். அவ்வியப்புக்குள் நம் வசதியும் மறைந்து நிற்பதை உணர்கின்றோமா?

எனவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. வழிகாட்டியின் உடல் அவருக்கே உரியது; அதை அறிந்து பேணும் கலையும் அவருடையது. அக்கலையை அச்சமின்றிக் கைக்கொள்ள இடமளிக்கும் கடமையோ அவர் தோளில் தம் சுமையை ஏற்றுவோருடையது. கூலி கொடுத்துவிட்டதால் அக்கடன் தீர்வதில்லை. உழைப்பவர் இளைப்பாறக் கேட்கும் நாளில், முகம் சுளியாமலும் கூலி குறையாமலும் அவரை அனுப்பப் பழகுவோமாக. முழுமையான நலம் என்று நாம் பேசுவது அப்போதுதான் பொருள் பெறும்.