அணியை அறிந்தால் அருள்மொழி விளங்கும்



இறைவன் சொல்லுக்கும் நினைவுக்கும் அப்பாற்பட்டவன். அத்தகைய பரம்பொருளைப் பற்றிப் பேச வந்த அருளாளர்கள், நாம் அறிந்த பொருள்களைக் காட்டியே அறியாத பொருளை உணர்த்தினார்கள். அதற்குத் துணை நின்றவை அணிகள். தொல்காப்பியர் உவமவியல் என ஓர் இயலையே வகுத்தார். தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூறுகிறது. அணி என்றால் நகை. ஆயினும் திருமுறைகளில் வரும் அணி வெறும் அழகுக்குப் பூட்டிய நகையன்று. பொருளை உள்ளத்திற் கொண்டு சேர்க்கும் வழியாகும்.

அப்பர் சுவாமிகள் இறைவன் மறைந்து நிற்கும் தன்மைக்கு விறகினுள் இருக்கும் நெருப்பையும், பாலினுள் இருக்கும் நெய்யையும் உவமை காட்டினார். பாலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் நெய் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நெய் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. இது உவமை. அத்தோடு அவர் நிற்கவில்லை. இறைவனோடு கொள்ளும் உறவையே மத்தாகவும், உணர்வையே கயிறாகவும் ஆக்கிக் கடையச் சொன்னார். இது உருவகம். தயிர் கடைந்த வீட்டாருக்கு இதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

பாண்டிய மன்னன் வெப்புநோயால் வருந்தியபோது சம்பந்தப் பெருமான் பாடிய திருநீற்றுப் பதிகத்தில், நீறு என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சொல்லுக்குப் பஞ்சம் வந்ததாலன்று. ஒரே சொல்லில் மனம் ஊன்றி நிற்க வேண்டும் என்பதற்காகவே.

சுந்தரர் பெருமானோ, தம் திருமணத்தைத் தடுக்க வந்த முதிய வேதியரைப் பித்தன் என்று ஏசினார். வந்தவர் சிவபெருமான் என்று தெரிந்தபின், அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தார். ஏச்சே தோத்திரமாயிற்று. இதனை நிந்தாஸ்துதி என்பர். சொல் ஒன்றுதான்; உள்ளே இருக்கும் அன்பே அதன் பொருளை மாற்றியது.

இவற்றை அறியாவிட்டால் வரும் நட்டம் என்ன? கந்தசஷ்டியில் சூரன்போர் பார்க்கும் பிள்ளை, "இது உண்மையாக நடந்ததா?" என்று கேட்கிறது. "பேசாமல் கும்பிடு" என்று நாம் அடக்கினால், வளர்ந்தபின் அது கட்டுக்கதை என்று தள்ளிவிடும். சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று பெரியோர் பொருள் கூறுவர். மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆனான், அழிந்து போகவில்லை. ஆணவம் அழிவதில்லை, அருளினால் அதன் வலி அடங்கும் என்னும் சித்தாந்தக் கருத்து அங்கே இருக்கிறது. இதனைச் சொன்னால் பிள்ளைக்குக் கதையும் நிலைக்கும், சமயமும் நிலைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே உவமைகளையும் அடுக்குமொழிகளையும் கொண்டு மேடைகளில் தம்மைப் புகழ்வோரும், பிறரைத் தாழ்த்துவோரும் உளர். "இதை யார்தான் மறுப்பார்?" என்று கேட்டு, மறுக்க நினைப்பவனின் வாயை அடைப்போரும் உளர். கைதட்டுமுன் நகையைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். உவமையை நீக்கியபின் எஞ்சுவது என்ன? உண்மை எஞ்சினால் ஏற்போம். ஒன்றும் எஞ்சாவிட்டால் எழுந்து வருவோம். அருளாளர் வாக்கில் அணியை நீக்கினாலும் அன்பு எஞ்சி நிற்கும். வேறுபாடு இதுவே.

புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் மரபை நம் முன்னோர் வைத்தது இதற்காகத்தான். வாசிப்பு ஓசையைத் தரும். பயன் பொருளைத் தரும். ஆகவே புராணபடன காலத்தில் பிள்ளைகளையும் கூட்டிவந்து பக்கத்தில் இருத்துங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பயன் சொல்பவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பொருள் உணர்ந்து ஓதும் வாழ்வை எல்லாம் வல்ல சிவபெருமான் நம் அனைவருக்கும் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்