கள்ளத்தோணி

எங்க அப்பாயியை இலங்கையில் "கள்ளத்தோணி" என்றார்கள். அவ தோணியேறிப் போனவளில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளைப் பெத்தவங்களைக் கங்காணி கூட்டிப்போனப்ப எந்த அரசும் தடுக்கலை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்க சனத்தை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் தலையெண்ணிப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. அப்பாயியை யாரும் கேட்கலை. கோத்தகிரிக்கு வந்தவளுக்கு "சிலோன்காரி" என்று பேர். பூர்வீக ஊரில் அதே சேரி.

எல்லையைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். வயலில் எங்க கை வேணும், தெருவில் எங்க கால் படக்கூடாது என்பது ஊரின் நியாயம். நாட்டின் எல்லையும் அந்த நியாயத்தைத்தான் பேசுது. 1983க்குப் பின் படகில் வந்த எங்க சனம் அரசு ஏட்டில் "சட்டவிரோதக் குடியேறி". 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

உழைக்கக் கூப்பிட்டுவிட்டு, உழைத்தவளைக் கள்ளி என்றால், யார் கள்ளன்?