எழுத்தால் ரூபாய்... மட்டும்!

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் கையில் ஒரு செக். எண்ணில் 10,000 என்று போட்டிருக்கிறது. எழுத்தில் 'ஒரு லட்சம் மட்டும்' என்று இருக்கிறது. எந்தத் தொகை செல்லும்?

எழுத்தில் இருப்பதுதான். 1881-ம் வருடத்து செலாவணி முறிச் சட்டம், 18-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பி.காம். படித்தவர்களுக்கு இது பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. நடைமுறையில் பேங்க்காரர்கள் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். 'எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை' என்று செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் சட்டத்தின் மனசு எழுத்துப் பக்கம்தான்.

ஏன்? எண் ரொம்ப லேசான பொருள். ஒரு பூஜ்யம் கூடினால் பத்து மடங்கு. ஒரு சின்னக் கோடு இழுத்தால் 1, 7 ஆகிவிடும். 'ஆயிரம்' என்று எழுதியதை அப்படி ஒரு இழுப்பில் 'லட்சம்' ஆக்க முடியாது. வால் பக்கம் எதையாவது ஒட்டவைக்கலாம் என்றால், அங்கே 'மட்டும்' என்று ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார்!

செங்கல்பட்டு பக்கம் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ரூ.12,50,000, எழுத்தால் ரூபாய் பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்' என்று எழுதாமல் அவர்கள் கை அடுத்த வரிக்குப் போகாது. கடற்கரைச் சாலையோரத்து மணல் நிலமெல்லாம் கோடிக் கணக்கில் கைமாறும் ஊர்ப் பக்கம். அங்கே ஒரு பூஜ்யத்தின் விலை ஒரு குடும்பத்தின் ஆயுள் சம்பாத்தியம்.

இப்போது அந்த 'எழுத்தால்' வேலையை கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. கணக்கு சாஃப்ட்வேர்கள் தானாகவே எழுதிவிடும். எக்ஸெல்லில் மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஒரு வேடிக்கை தெரியுமா? எக்ஸெல்லில் தாய்லாந்து நாணயமான பாட்டை எழுத்தாக்க உள்ளேயே ஒரு ஃபார்முலா உண்டு. நம் ரூபாய்க்கு அப்படி எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் மாதிரிக்குக் கொடுத்த 'ஸ்பெல்நம்பர்' புரோகிராம் டாலர், சென்ட், மில்லியன் என்றுதான் பேசும். நம் பையன்கள் அதைப் பிரித்து மேய்ந்து லட்சமும் கோடியும் பேசவைத்தார்கள்.

தமிழில் செய்வது இன்னும் கஷ்டம். 'நூறு' என்று சொல்லிக் கொடுத்தால் போதாது. பக்கத்தில் ஆள் வந்தால் அது 'நூற்று' ஆகிவிடும். 'ஆயிரம்', 'ஆயிரத்து' ஆகும். தொண்ணூறில் நூறு இருக்கிறது, ஆனால் அது நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது, அது ஆயிரம் இல்லை! இத்தனையையும் ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில், கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் இப்படியொரு ஃபார்முலா வைத்திருந்தார். எண்ணைத் தட்டினால் பக்கத்துக் கட்டத்தில் எழுத்து வந்து விழுகிறது. பெருமையாகக் காட்டினார். வவுச்சரில் கையெழுத்துப் போடுபவர் முதலாளி, அறுபதைத் தாண்டிய சிற்பி. அவருக்கு ஒரு பழக்கம். தொகையை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

"நாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரமா? ஒரு லாரி கல்லுக்கா?"

48,500 என்பதற்கு ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. இளைஞர் திகைத்துப் போய், "எழுத்துலயும் அதானேங்கய்யா வந்திருக்கு..." என்றார்.

"வந்திருக்கு தம்பி. நீ போட்டத அது அப்படியே சொல்லுது. 'நெசமாவா?'ன்னு உன்னக் கேக்கலையே!"

அவர் அக்கவுன்டன்ஸி படித்தவர் இல்லை. ஆனால் அக்கவுன்டன்ஸியின் ஒரு முக்கியமான பாடத்தைச் சொல்லிவிட்டார். முதல் பதிவிலேயே தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டால், பற்றிலும் வரவிலும் அதே தப்பு ஏறும். டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு.

'எழுத்தால்' என்ற வரிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மற்றவர் கைவைக்காமல் பூட்டுவது. அந்த வேலையை மெஷின் நம்மைவிடப் பிரமாதமாகச் செய்கிறது, எழுத்துப்பிழைகூட விடுவதில்லை. இன்னொன்று, நம்மை நாமே ஒரு தடவை விசாரித்துக்கொள்வது. அது மெஷினால் ஆகாது. எண் ஒரு சாட்சி, எழுத்து இன்னொரு சாட்சி என்று சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. முதல் சாட்சி சொன்னதை இரண்டாம் சாட்சி மனப்பாடமாக ஒப்பித்தால், கோர்ட்டில் அதற்கு என்ன மதிப்பு?

'கையால் எழுதிய காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? தூங்கிக்கொண்டே காப்பி அடித்தவர்கள் இல்லையா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானூறு சம்பளச் சீட்டை ஒருவர் கையாலேயே எழுதட்டும் என்று சொல்வது தர்மமும் இல்லை. ஆனால் தூக்கத்தில் எழுதினாலும் பூஜ்யத்தை எண்ணியாக வேண்டும். 'லட்சத்து' என்று எழுதும்போது கை ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடிதான் நம் கையைவிட்டுப் போயிருக்கிறது.

போனது பேங்க்குகளுக்கும் உறைத்திருக்கிறது. 2021 ஜனவரி 1-ல் ரிசர்வ் வங்கி 'பாசிட்டிவ் பே' என்ற முறையைக் கொண்டுவந்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு, செக் கொடுத்தவர் தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் தனியாக இன்னொரு தடவை தன் பேங்க்குக்குச் சொல்லலாம். மோசடியைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அதன் உள்ளே இருப்பது அதே பழைய புத்தி: காகிதம் சொன்னது போதாது, மனுஷரும் ஒரு தடவை சொல்லட்டும்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது உத்திரமேரூர். அங்கே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலுக்கு விதிகள் சொல்கிறது. அதில் ஒன்று: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டிக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! கணக்கு எழுதினால் போதும் என்று அந்தச் சபை விட்டுவிடவில்லை. எழுதியவர் வந்து காட்ட வேண்டும், பதில் சொல்ல வேண்டும்.

ஃபார்முலா இருக்கட்டும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் வீட்டு லோன் பேப்பரோ, விற்பனைப் பத்திரமோ, பத்துப் பேர் சம்பளப் பட்டியலோ, கையெழுத்துப் போடும் முன் அந்தத் தொகையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு அந்தத் தொகைக்குப் பதில் சொல்ல எக்ஸெல் வரப்போவதில்லை.