கதை சொல்பவனின் முகம்

நாவலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியை அறிவர். "ஐயா, இந்தப் பகுதி தேர்வுக்கு வருமா?" மாணவன் விரலால் சுட்டும் அப்பகுதி பெரும்பாலும் கதை நிற்கும் இடமாகவே இருக்கும், ஆசிரியர் பாத்திரங்களை அப்படியே நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கியிருப்பார். கதைச்சுருக்கம் எழுதுவோர் முதலில் நீக்குவதும் அதைத்தான். கலைஞன் தன் படைப்பினுள் மறைந்தே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையுடையாரும் அதனைக் குறையென்றே கூறுவர். எனக்கு இதில் ஓர் அறவினா தோன்றுகிறது. முகத்தை மறைத்துக்கொண்டு கதை சொல்பவன் நம்பத்தக்கவனா, முகத்தைக் காட்டிச் சொல்பவன் நம்பத்தக்கவனா?

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைத்தலைவனே தன் கதையைச் சொல்கிறான், கிளைக்கதைகளுக்குக் கணக்கில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். அறிவுரை கூறப் புகும்போது அவர் நடை சில இடங்களில் தீர்ப்புரையின் நீளத்தை எட்டிவிடுகிறது. வேடிக்கைக்காக அவர் வழி விலகும் இடங்களோ இன்றும் இனிக்கின்றன. மேனாட்டில் லாரன்சு ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வெளியிட்ட 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில், தன் வரலாற்றைக் கூற வந்தவன் மூன்றாம் தொகுதியில்தான் பிறக்கிறான்! வழி விலகுதலே அங்கு வழியாயிற்று.

ஆயினும், தமிழில் இக்கலையின் சுவையை முழுதும் உணர விரும்புவோர் கமலாம்பாள் சரித்திரத்தையே நாடவேண்டும். 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் அதனைத் தொடராக எழுதத் தொடங்கியபோது இராஜமையருக்கு வயது இருபத்தொன்று. அவர் வாசகரை அழைத்துக் கேலி பேசுகிறார். இறுதியில், கதையே தம் முதன்மைக் கருத்தன்று என்றும், துன்பங்களில் உழன்ற ஓர் உள்ளம் அமைதி எய்தியதைக் கூறுவதே நோக்கம் என்றும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரை அவர் படைத்த அழகோ தனி. அப்பண்டிதரைக் கண்டு சிரிக்க இயலாத தமிழாசிரியர், தம் தொழிலை அளவுக்கு மீறி மதிப்பவராகவே இருத்தல் வேண்டும்.

இங்குதான் ஓர் இடர் எழுகின்றது. ஊர்ப் பெண்கள் கூடி வம்பளப்பதற்கு 'வம்பர் மகாசபை' என்று பெயரிட்டு நகைக்கிறார் இராஜமையர். நாமும் நகைக்கிறோம். அவர் யாரை நோக்கிக் கண் சிமிட்டுகிறார்? தம்மைப் போன்று படித்த, தம் அக்கிரகாரத்தை அறிந்த ஓர் ஆடவனை நோக்கியே அல்லவா? அதே நூலை மலாக்காவின் இரப்பர்த் தோட்டத்து இலயத்தில் பிறந்த ஒரு பெண் கையில் எடுக்கும்போது, 'நாம்' என்று அவர் அன்போடு விரிக்கும் பாயில் அவளுக்கு இடமுண்டா என்று கேட்டே ஆகவேண்டும். நட்போடு பேசும் கதாசிரியன் நம்மை எளிதில் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வான். முகம் காட்டுபவன் முற்றும் நேர்மையானவன் என்று கூறிவிட முடியாது.

எனினும், அவர் முகத்தைக் காட்டியதனாலன்றோ நாம் அவரை மறித்துக் கேட்க முடிகிறது! தன்னை மறைத்துக்கொண்ட கதாசிரியனுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அவை உலக இயல்பே போல் நம்முள் நுழைந்துவிடும், எவரிடம் முறையிடுவது?

தஞ்சோங் கிளிங்கிற்கு அண்மையிலுள்ள மலாக்கா நகரில் 1796இல் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. தமிழும் அரபும் கலந்த குடிவழியினர். இளமையில் தமிழும் பயின்றவர். அவருடைய 'ஹிக்காயத் அப்துல்லா' 1849இல் அச்சேறியது. அது நாவலன்று, தன் வரலாறு. ஆயினும் நண்பர் ஒருவர் கேட்டதற்கிணங்கி எழுதுவதாகவும், தமக்குத் தகுதியில்லை என்றும் தொடங்கும் அவர், இடையிடையே நிகழ்ச்சியை நிறுத்தித் தம் இனத்தார் கல்வியைப் புறக்கணிப்பதைக் கடிந்துரைக்கிறார். ஆங்கிலேயரை அளவுகடந்து புகழ்ந்தார் என்று பிற்காலத்தார் அவரோடு வாதிட முடிந்ததும், தம் கருத்துகளைத் தம் பெயரிலேயே அவர் வைத்துச் சென்றமையால்தான்.

ஆகவே, அடுத்த முறை அந்தப் பகுதி தேர்வுக்கு வருமா என்று மாணவன் கேட்டால், அதனையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். வம்பைப் பழிக்கும் இராஜமையர் ஊர் வம்பு அனைத்தையும் எவ்வளவு ஆர்வத்தோடு நமக்குச் சொல்கிறார் என்பதை வகுப்பு தானே கண்டுகொள்ளும். அம்மகாசபையின் தலைசிறந்த உறுப்பினர் அவரே! பின்னர், அச்சபையில் அமர்ந்திருந்த ஒருத்தி அவருக்கு என்ன மறுமொழி கூறியிருப்பாள் என்று ஒரு பக்க அளவில் எழுதுமாறு பணிக்கலாம். மாணவிகள் இரண்டு பக்கம் எழுதினாலும் வியப்பதற்கில்லை.