இரண்டு ஞாயிறுகள்

1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றுகள் அன்று நடந்தன. பிரிட்டனில் அந்தத் தூரத்தை மிக வேகமாக ஓடக்கூடியவர்களில் ஒருவரான எரிக் லிடெல் களத்துக்கு வரவில்லை. காயம் எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்றைக்கு ஓடமாட்டேன் என்பது அந்த 22 வயது ஸ்காட்லாந்து இளைஞரின் முடிவு. அந்தத் தங்கம் அதே பிரிட்டனின் ஹாரல்ட் ஆபிரகாம்ஸுக்குப் போயிற்று. ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் லிடெல் இறங்கினார். குறுந்தூர ஓட்டக்காரராகவே அறியப்பட்ட அவர் 47.6 விநாடியில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் சிறுமியாக உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டேன். உடற்கல்வி ஆசிரியையான பிறகு என் பிள்ளைகளுக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். கதை எப்போதும் அந்தத் தங்கப் பதக்கத்தில் முடிந்துவிடும். ஆண்டவருக்காக ஒன்றை விட்டார், ஆண்டவர் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்தார் என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார்கள்.

அந்த முடிவு எனக்குப் போதாது. 400 மீட்டரில் அவர் நான்காவதாக வந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு தப்பாகிவிடுமா? ஆகாது என்றுதான் எந்த விசுவாசியும் சொல்லுவார். அப்படியானால் தங்கம் எதற்கும் சாட்சி இல்லை. அவர் கால்களின் வேகத்துக்கு மட்டுமே அது சாட்சி. நம்பிக்கைக்காக விலகி நின்று, பிறகு ஒன்றும் வெல்லாமல் ஊர் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பாடசாலையிலும் பாடம் இல்லை. வென்றவனையே சொல்லிச் சொல்லி, கடவுளுக்குக் கீழ்ப்படிந்தால் ஜெயிக்கலாம் என்ற கணக்கைப் பிள்ளைகள் மனதில் எழுதிவிடுகிறோம். தோற்கும் அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் விசுவாசத்தையே சந்தேகிக்கும்.

ஒரு விளையாட்டு வீரரிடம் பிள்ளைகள் பின்பற்றத் தக்கது எது என்ற கேள்வி எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் ஓடிய விதத்தைப் பின்பற்றச் சொல்லி நான் யாருக்கும் கற்றுக்கொடுக்கமாட்டேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, கைகளைக் காற்றில் அடித்துக்கொண்டு ஓடுவார். அது அவருடைய உடம்புக்கு மட்டுமே பலித்த ஓட்டம். வேகமும் திறமையும் அப்படித்தான், ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியானால் எடுத்துக்கொள்ளக் கூடியது அவர் வைத்திருந்த விதியா? ஞாயிறு ஓடாதே என்பதா?

இதையே என்னிடம் ஒரு தகப்பனார் கேட்டார். மாவட்ட அளவிலான கோ-கோ இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்திருந்தது. எங்கள் அணியில் நன்றாகத் துரத்தக்கூடிய ஒருத்தியின் அப்பா அவர். சபையின் சேகரக் கமிட்டியில் இருப்பவர். பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், லிடெல் ஒலிம்பிக்கையே விட்டாருல்லா? எம் மக இந்தப் போட்டிய விட்டா என்ன கொறஞ்சிரும்?”

“அண்ணாச்சி, லிடெல் தன்னோட ஓட்டத்த விட்டாரு. இது ஒங்க ஓட்டம் இல்ல, ஒங்க மகளோடது. அவகிட்ட கேட்டீங்களா?”

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். அன்று இரவு மகளிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் அவளே என்னிடம் வந்து, “நான் வெளையாடல டீச்சர், அப்பா சொன்னதுக்காக இல்ல” என்றாள். முகத்தைப் பார்த்தேன், அது அவளுடைய முடிவுதான். போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. தனக்குப் பதிலாக இறங்கவேண்டிய பெண்ணை மாலை மாலை மைதானத்துக்குக் கூட்டிப்போய், கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது உடம்பை எப்படித் தாழ்த்த வேண்டும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிறன்று நாங்கள் தோற்றோம். அணியில் சிலருக்கு அவள்மேல் வருத்தம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது.

அதற்குப் பிறகு லிடெலின் கதையில் நான் தேடிப் படித்தது ஒரு விஷயத்தைத்தான்: அவர் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தது யார்?

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற 1981ஆம் ஆண்டுப் படத்தில், பிரான்சுக்குக் கப்பல் ஏறும் நேரத்தில்தான் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரியவருகிறது. படத்துக்கு அது நல்ல கட்டம். உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது, அப்போதே சொல்லிவிட்டார். மிச்சமிருந்த மாதங்களில் 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி செய்தார். 200 மீட்டரில் வெண்கலமும் வாங்கினார். படம் விட்டுவிட்ட இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கான பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொள்கை உள்ளவன் கடைசி நிமிடத்தில் மற்றவர்களைத் தவிக்கவிடமாட்டான். தன் நம்பிக்கையால் அடுத்தவருக்கு வரக்கூடிய நஷ்டத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பான். அந்தப் பெண் மாலை மைதானத்தில் செய்ததும் அதுதான்.

முழுதாகக் குறைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 4x100, 4x400 தொடர் ஓட்டங்களின் இறுதிகளும் ஞாயிறன்றே நடந்தன. லிடெல் அவற்றிலும் இல்லை. அவர் இல்லாமலே பிரிட்டன் ஒன்றில் வெள்ளியும் மற்றொன்றில் வெண்கலமும் வென்றது. அவர் இருந்திருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்கலாம். உடன் ஓடியவர்களும் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தன் நம்பிக்கைக்கான முழு விலையையும் தானே கட்டிய மனிதர் உலகத்தில் கிடையாது. ஆனால் பெரும்பங்கை யார்மேல் போட்டார் என்று பார்க்கலாம்.

இந்த அளவுகோலை மற்ற வீரர்களிடமும் வைத்துப் பார்க்கிறேன். 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், தான் குடிக்காத குளிர்பானத்தைப் பிள்ளைகளிடம் விற்கமாட்டேன் என்று விளம்பர வாய்ப்பை மறுத்தார். பணம் போனது அவருக்கு. பின்னாளில் தன் வீட்டை அடமானம் வைத்து ஹைதராபாத்தில் அகாடமி தொடங்கினார். அங்கே பயின்றவர்கள்தான் சாய்னாவும் சிந்துவும். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் அம்லா பீர் நிறுவனத்தின் சின்னம் இல்லாத சட்டையோடு ஆடினார். உடன் ஆடியவர்கள் அதை அணிவதை அவர் தடுக்கவில்லை.

மறுபக்கம் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். புற்றுநோயிலிருந்து மீண்டு, 1999 முதல் 2005 வரை டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஏழு முறை வென்றவர். உலகெங்கும் இளைஞர்கள் அவருக்காக மஞ்சள் வளையம் அணிந்தார்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன, அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். மருந்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தன் அணியில் மசாஜ் செய்த பெண் உண்மையைச் சொன்னபோது அவரை இழிவாகப் பேசி, வழக்கும் போட்டார். தன் புகழுக்கான விலையை அந்தப் பெண்ணின் தலையில் கட்டினார். அந்தப் பெண் சொன்னது உண்மை என்று தெரிவதற்கு ஆண்டுகள் ஆயின.

இனி இரண்டாவது ஞாயிறு. ஓய்வுநாள் பாடசாலையில் யாரும் எனக்குச் சொல்லாத ஞாயிறு.

லிடெல் பிறந்ததே சீனாவின் தியான்ஜினில், மிஷனரிப் பெற்றோருக்கு. ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, புகழின் உச்சியில், அதே ஊருக்கு ஆசிரியராகத் திரும்பினார். அறிவியலும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். பிறகு போரால் சீர்குலைந்த கிராமப்புறத்தில் ஊழியம் செய்தார். 1943இல் ஜப்பானியப் படை மேற்கத்தியர்களை வெய்சியன் முகாமில் அடைத்தது. சுவருக்குள் ஏறக்குறைய 1,500 பேர். அவர்களில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளியின் பிள்ளைகளும் இருந்தார்கள், பலருக்குப் பெற்றோர் உடன் இல்லை. அவர்களுக்கு அவர் ‘எரிக் மாமா’. பாடம் எடுத்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைச் சரிசெய்து கொடுத்தார், போட்டிகள் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு இல்லை.

அடைபட்ட பிள்ளைகளுக்கு ஞாயிறு நீண்ட நாள். ஒரு ஞாயிறு அவர்களே ஹாக்கி ஆட இறங்கினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெலே மைதானத்துக்கு வந்தார், நடுவராக நின்று ஆட்டத்தை நடத்திவைத்தார்.

இதை முதலில் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒலிம்பிக் தங்கத்துக்காக மீறாத விதியை, சண்டை போடும் சில பிள்ளைகளுக்காக மீறினாரா? மனம் தளர்ந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸில் விதியைக் காத்ததற்கான விலை பெரும்பாலும் அவருடையது: பதக்கம், பேர், பத்திரிகைகளின் ஏச்சு. வெய்சியனில் அதே விதியைக் காத்திருந்தால் விலையைப் பிள்ளைகள் கட்டியிருப்பார்கள். ஆகவே இரண்டு ஞாயிறும் ஒரே மனிதரின் ஒரே முடிவு என்றே நான் வாசிக்கிறேன். பாரிஸில் ஆண்டவருக்காகத் தன் லாபத்தை விட்டார். முகாமில் பிள்ளைகளுக்காகத் தன் நேர்த்தியை விட்டார். இரண்டாவது எனக்கு இன்னும் கடினமாகப் படுகிறது. தங்கத்தை விட்டவனை ஊர் மெச்சும். நெடுங்காலம் காத்த பேரை ஒரு ஹாக்கி ஆட்டத்துக்காக விட்டவனை மெச்ச அங்கே யாரும் இல்லை.

ஓய்வுநாள் கட்டளையை மறுபடி வாசித்துப் பார்க்கிறேன். அது எனக்கு மட்டும் ஓய்வு கேட்கவில்லை. மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரருக்கும், மாட்டுக்கும், வாசலுக்குள் இருக்கும் அந்நியருக்கும் சேர்த்துக் கேட்கிறது. ஓய்வுநாளில் சூம்பின கையுடைய மனிதனை ஜெப ஆலயத்தில் இயேசு குணமாக்கியபோது, கட்டளையின் உள்ளே இருந்த இரக்கத்தைத்தான் வெளியே எடுத்துக் காட்டினார். லிடெல் அந்த வாசிப்பை மைதானத்தில் செய்தார்.

அவர் வாழ்க்கையில் எனக்குத் தீராத ஒரு வேதனையும் உண்டு. 1941இல் கர்ப்பிணியான மனைவி பிளாரன்ஸையும் இரண்டு மகள்களையும் பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1945 பிப்ரவரி 21இல் மூளைக்கட்டியால் முகாமிலேயே இறந்தார். அந்த ஆகஸ்டில் முகாம் விடுதலையானது. இங்கே விலையைக் கட்டியவர்கள் பிளாரன்ஸும் மூன்று பெண்பிள்ளைகளும். இதை மறைத்துவிட்டு அவரைப் பிள்ளைகள் முன் நிறுத்த எனக்கு மனம் வராது. பின்பற்றத் தக்க மனிதர் என்றால் கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்று அர்த்தம் இல்லை. நல்ல மனிதரின் முடிவிலும் அடுத்தவர் கண்ணீர் கலந்திருக்கும் என்று பதினான்கு வயதில் தெரிந்துகொள்வது பிள்ளைகளுக்கு நல்லது.

முகாமில் இருந்த ஸ்டீபன் மெட்காஃப் என்ற இளைஞனுக்கு, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் லிடெல் தன் கிழிந்த ஓட்டச் சப்பாத்துகளைக் கொடுத்தார். காவல் நிற்கும் ஜப்பானியர்களுக்காக ஜெபிக்கவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். போர் முடிந்தபின் மெட்காஃப் ஜப்பானுக்கே மிஷனரியாகப் போய்ப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவர் ஒலிம்பிக்கில் ஓடவில்லை. ஆனாலும் லிடெலைப் பின்பற்றியவர் என்று யாரையாவது சொல்லச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்லுவேன்.

வீரர்களைப் பார்த்து வளரவேண்டாம், வீட்டில் உள்ளவர்களைப் பார்த்து வளரட்டும் என்பவர்கள் உண்டு. பிள்ளைகள் நம்மிடம் அனுமதி கேட்டுவிட்டு யாரையும் நேசிப்பதில்லை. சுவரில் யார் படத்தை ஒட்ட வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஒட்டிய படத்தைப் பற்றி அவர்களோடு பேச முடியும். இவர் எதை விட்டார், எப்போது சொன்னார், அதற்கு யார் விலை கொடுத்தார் என்று கேட்க முடியும். கேட்டுப் பழகிய பிள்ளை வென்றவரையும் தோற்றவரையும் ஒரே கண்ணால் பார்க்கும். ஒருநாள் தன்னையும் அப்படிப் பார்க்கும்.

ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிற என் சகோதர சகோதரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லிடெல் கதையைத் தொடர்ந்து சொல்லுங்கள், ஆனால் பாரிஸோடு நிறுத்தாதீர்கள். பாரிஸை மட்டும் கேட்ட பிள்ளை கொள்கையில் உறுதியாக இருக்கக் கற்கும், அந்த உறுதியை எடுத்து அடுத்தவரை அடிக்கவும் கற்கும். வெய்சியனை மட்டும் கேட்ட பிள்ளை எதையும் வளைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும். இரண்டு ஞாயிறையும் சேர்த்துச் சொல்லுங்கள்.