அம்மாவும் சமுத்திரமும்

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான எங்கள் பக்கத்துத் தோல்கள், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன காலம் உண்டு. இன்றும் ஆம்பூரில் தைத்த காலணிகள் கடல் கடந்து ஐரோப்பியர் கால்களைச் சேருகின்றன. ஆயினும் அந்தத் தோலையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்களில், கப்பலில் அடியெடுத்து வைத்தவர்கள் மிகச் சிலரே. டேனரிச் சம்பளத்தில் எங்களை ஆளாக்கிய என் தாயாரோ அண்மைக்காலம் வரை சமுத்திரத்தைக் கண்ணால் கண்டதும் இல்லை.

2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னையிலிருந்து கார்டீலியா உல்லாசக் கப்பலின் பிரயாணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த செய்தியைப் படித்த அன்றே, நடுக்கடல் வரை சென்று இரண்டு இரவுகளில் திரும்பிவிடும் அந்தப் பிரயாணத்துக்கு அம்மாவை அழைத்துப் போவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். “வேணாம்பா” என்ற ஒரே சொல்லோடு அம்மா நிறுத்திக்கொண்டார். கப்பலில் டாக்டர் உண்டு, லிஃப்ட் உண்டு, ஆட்டம் தெரியாது என்றெல்லாம் மாதக்கணக்கில் நான் அடுக்கிய நியாயங்கள் ஒவ்வொன்றும், அவருடைய பிடிவாதத்துக்கு மேலும் ஒரு செங்கல்லாகவே போய்ச் சேர்ந்தது.

நம்மவர்களுக்குக் கடற்பிரயாணத்தில் உள்ள தயக்கம் புதிதன்று. பெண்களோடு கடல் கடத்தல் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் வகுத்தது. சமுத்திரம் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று சாஸ்திரங்கள் விலக்கின. கணித மேதை ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது இந்த விலக்கே குறுக்கே நின்றது. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியின் கடிதங்களால் அசையாத தடை, நாமக்கல் நாமகிரித் தாயார் தன் கனவில் வந்து மகனைத் தடுக்காதே என்று ஆக்ஞாபித்ததாக அன்னை கோமளத்தம்மாள் சொன்னபோது நீங்கியது என்பார்கள். 1914 மார்ச் 17-ஆம் தேதி ‘நெவாசா’ கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். அந்தத் தாயின் சம்மதம் அவருடைய நம்பிக்கையின் உள்ளிருந்தே முளைத்தது. வெளியிலிருந்து எவரும் அதைக் கொண்டுவந்து நடவில்லை. இதை நினைத்துக்கொண்ட ஒரு நாள், வாதத்தை நிறுத்திவிட்டு, “கடல்னா என்னம்மா பயம்?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா வெகுநேரம் பேசினார். அவருடைய ஆயா வாணியம்பாடிக்காரர். 1903-இல் பாலாற்று வெள்ளம் அந்த ஊரைப் பாழாக்கியபோது அவர் சிறுமி. வீடும் மாடும் மனிதர்களும் போனதைக் கண்ட அவர், “தண்ணிய மட்டும் நம்பாத, கண்ணு” என்று பேத்தியிடம் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பேத்தியோ, வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றையும், தோல் கழிவால் கெட்ட கிணற்றையும் பார்த்தே மூப்படைந்தார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்க நேர்ந்த பூமி இது. தண்ணீர் என்றால் ஒன்று வெள்ளம், அன்றேல் கழிவு என்று கண்ட ஒருத்திக்கு, கரையில்லாத தண்ணீரை உல்லாசம் என்று நான் வர்ணித்தது எவ்வளவு அந்நியமாக ஒலித்திருக்க வேண்டும்! மூன்று தலைமுறை அனுபவத்தை அறியாமை என்று எண்ணிய பிழை என்னுடையதே.

“போனா போவட்டும், மொதல்ல கரையில நின்னு பாக்குறேன்” என்றார் கடைசியில். மெரினாவில் ஒரு விடியற்காலையில், புடவைக் கொசுவத்தைக் கையில் பற்றியபடி, அலை வந்து பாதத்தை நனைத்துத் திரும்புவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர் திரும்பும் ரயிலில், காட்பாடி தாண்டிய பிறகு, “அந்தக் கப்பல்ல சித்தியும் வரலாமா?” என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் என்னுடைய அத்தனை நியாயங்களும் வெறும் சத்தமாகத் தோன்றின.

அன்பு மிகுந்தவர்களுக்கே அவசரமும் மிகுதியாக இருக்கிறது. பெற்றோருக்கு ஓர் ஆனந்தத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில், அவர்கள் மறுப்பதன் காரணத்தைக் கேட்க மறந்துபோகிறோம். உங்கள் வீட்டிலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் முதியவர் ஒருவர் இருப்பாராகில், டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது அவர் பக்கத்தில் அமர்ந்து, ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.