உரையாடலின் முதற்பாடம்

வேற்றினத்தாரோடு உரையாடுவது எங்ஙனம் என்பதைக் கல்லூரிகள் இன்று பாடமாகவே புகட்டுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையில் அப்பாடம் எங்கே தொடங்க வேண்டும்?

தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகப் பேணிய மண் இது. 1990 ஆகஸ்ட் 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த 100க்கு மேற்பட்டோரைத் தமிழ் ஆயுததாரிகள் சுட்டுக்கொன்றனர். செப்டம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் மீளவில்லை.

அவ்வளாகத்தில் இன்று மூவினத்தாரும் கற்கின்றனர். அன்று பிறவாத மாணவன் அக்குற்றங்களுக்குப் பொறுப்பாளியா? அல்லன், ஆனால் அவற்றை மூடும் மௌனத்துக்குப் பொறுப்பாளியே. தன்னவர் பட்ட துயரை எவரும் கூறுவர். தன்னவர் பெயரால் நிகழ்ந்த கொடுமையைக் கூறுவதே கடினம். காத்தான்குடியைத் தமிழ் மாணவனும், வந்தாறுமூலையைச் சிங்கள மாணவனும் முதலில் எடுத்துரைக்கட்டும். உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது.